நரம்பு கட்டிய வில்

கரமனை
4-5-2025

அன்பு மகள் பகவதிக்கு அப்பா எழுதுவது.

வியாழக்கிழமை உன் அப்பனைத் திருட்டுக் கேஸில் பிடித்துவிட்டார்கள். பயப்படாதே, போலீஸ் இல்லை. வீட்டுக்கார சேஷன் சாமிதான் பிடித்தார். அவர் வீட்டு அடுக்களையில், வடாம் போட்டு வைக்கும் தகர டப்பாவுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றேன். ஐம்பத்தேழு வயதில் ஒரு மனுஷன் நிற்கிற நிலையா அது?

நடந்தது இதுதான். மொட்டைமாடியில் நான் மாட்டு நரம்பு காயப் போட்டிருந்தேன். எதற்கு என்று பிறகு சொல்கிறேன். பின்னங்கால் குதிநரம்பு, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். காய்ந்தால் மஞ்சள் கண்ணாடிக் குச்சி மாதிரி ஆகிவிடும். மாடியின் மறு மூலையில் சாமியின் சம்சாரம் சீதாலக்ஷ்மி மாமியின் வடாம். நடுவில் ஒரு காக்கை. சாயங்காலம் மாமி ஒரு நரம்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“கோலப்பா, வடாத்தோட இது கெடந்தது. உங்க ஊர் வத்தலா என்ன?”

உண்மையைச் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் என் வாய் தானாகச் சொன்னது: “ஆமா மாமி. எங்க ஊரு வத்தலாக்கும்.”

“பொரிச்சா நன்னா இருக்குமோ?”

“கொள்ளாம் மாமி, நல்லா இருக்கும்.”

மாமி அதைக் கொண்டுபோய் டப்பாவில் போட்டுவிட்டாள். நாளைக்கே பொரித்துச் சாம்பார் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டால் அந்தப் பாவம் எத்தனை தலைமுறைக்கு? மறுநாள் காலை மாமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்தேன். நரம்பு கையில் தட்டுப்பட்டது, பின்னால் சாமியின் குரலும் தட்டுப்பட்டது.

“என்னடாப்பா கோலப்பா, பசிச்சா கேக்கப்படாதோ?”

அவரிடமும் ‘வத்தல்’ என்றேன். “வத்தலுக்கா இப்படி வேர்க்கறது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஒரு பொய்ய வெளியே விட்டா அதுக்குத் தொணைக்கு இன்னொண்ணு போகும்வே” என்றாள்.

போனில் நீ என்னை பிளாக் பண்ணி ரெண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை உனக்கு ரேஞ்ச் கிடைக்கும்போது உன் அம்மா போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவாள். எனக்குக் கேட்பது அவளுடைய ‘ம்’ மட்டும். ஹாஸ்டல் முகவரியை அவளிடம் கெஞ்சி வாங்கினேன். தபால்காரரை பிளாக் பண்ண வழி இல்லை, பார்த்தாயா?

மகளே, நான் ஒரு வில் செய்கிறேன். உனக்கு.

கடிதத்தைக் கிழிக்காமல் கேள். ஐஸ் தேசத்தில் ஒரு சனம் இருக்கிறது. அங்கே மரமே கிடையாது. கடல் ஒதுக்கிப் போடும் கட்டையில்தான் வில் செய்தார்களாம். அந்தக் கட்டைக்கு வளையத் தெம்பு ஏது? அதனால் மிருகத்தின் நரம்பை நூலாகக் கிழித்து, முறுக்கிக் கயிறாக்கி, வில்லின் முதுகில், அதாவது எய்கிறவன் முகத்துக்கு மறுபக்கம், நுனியிலிருந்து நுனி வரை பல புரியாக ஓட்டிக் கட்டிவிடுவார்கள். வில்லை வளைக்கும்போது இழுவிசையை அந்தக் கயிறு வாங்கிக்கொள்ளும். போனில் ஒரு கிழவர் செய்து காட்டினார். அவர் மொழி எனக்குப் புரியவில்லை, கை புரிந்தது.

உன் இடது கண்ணைக் கெடுத்த வில்லைச் செய்த கைதான் இதையும் செய்கிறது. தெரியும். மரம் என்றால் ஒடியும். நீயும் அன்றைக்குச் சின்னப் பிள்ளை, ஆவேசத்தில் ரெண்டு அங்குலம் கூடுதலாக இழுத்துவிட்டாய். நடந்தது நடந்துவிட்டது. இந்த வில்லில் அந்தப் பயம் இருக்காது.

ஒரு வரியாவது எழுது.

அப்பா


வித்துரா
16-5-2025

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தமிழில் எழுதி நாளாகிவிட்டது, அம்மா சொல்லித் தந்த எழுத்துதான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வத்தல் கதையை ஹாஸ்டல் சமையல்கார அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதுதான் எனக்குக் கோபம். முதல் பக்கத்தில் சிரிக்க வைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை ஒளித்து வைப்பது உங்கள் வழக்கம்.

‘ரெண்டு அங்குலம் கூடுதலாக இழுத்துவிட்டாய்.’

நான் கூடுதலாக இழுக்கவில்லை அப்பா. மாநிலத் தேர்வுப் போட்டி மைதானம், காலை எட்டரை மணி, இரண்டாவது அம்பு. விரல் தாடை எலும்பைத் தொட்டதும் நின்றேன். அதற்கு முன்னால் ஆயிரம் தடவை அங்கேதான் நின்றிருக்கிறேன். அது என் உடம்புக்குத் தெரிந்த இடம். அங்கே நின்றபோதுதான் வில்லின் மேல் பாதி, அந்த மேல் கை, ஒடிந்து முகத்துக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தேன். கதவுக்கு வெளியே நீங்கள் கோச் ஆனந்தகிருஷ்ணன் சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். “நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சாறே, அளவுக்கு மேல இழுக்காத, இழுக்காதன்னு.” கட்டு கண்ணுக்குத்தான் போட்டிருந்தார்கள், காதுக்கு இல்லை. சாரும் அறிக்கையில் அப்படியே எழுதிக் கொடுத்தார். என் தவறு என்று. பதினேழு வயதில் அதில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அதைக்கூட விட்டிருப்பேன். பெண் பார்க்க வந்தவர்கள் என் கண்ணைப் பற்றிக் கேட்டார்கள். நீங்கள் சொன்னீர்கள்: “எங்க பகவதிக்கு எதையும் அளவுக்கு மேல இழுக்குதது பழக்கமாக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். நான் காப்பித் தட்டோடு நின்றேன். அந்த வாரமே இந்த வார்டன் வேலைக்கு வந்துவிட்டேன். நீங்கள் அதையும் ஒரு வேடிக்கையாக யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள்.

அந்தப் பழைய வில்லின் மேல் எனக்குக் கோபமே இல்லை, தெரியுமா? போட்டிக்கு முந்தின சாயங்காலம் அதன் மேல் கையில் சிவப்பு நூல் சுற்றித் தந்தீர்கள். “ஸ்டேட்டுக்குப் போறவளுக்க வில்லு சும்மா இருக்கலாமா” என்றீர்கள். மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளும் யார் சுற்றினது என்று கேட்டார்கள். ‘எங்க அப்பா’ என்றேன். அந்த நூலில் ஒரு துண்டு இப்போதும் என் பெட்டியில் இருக்கிறது.

வில் வேண்டாம்.

பகவதி


கரமனை
1-6-2025

மகளே,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். இந்தத் தடவை வேடிக்கையாக எதுவும் எழுதக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன். பல் இல்லாத ரம்பம் மாதிரி பேனா முன்னாலும் பின்னாலும் போகிறது, எதுவும் அறுபட மாட்டேன் என்கிறது.

நீ எழுதினதெல்லாம் நான் சொன்னதுதான். அன்றைக்கு நான் வேலிக்கு வெளியே நின்றேன். நீ எவ்வளவு இழுத்தாய் என்று அங்கிருந்து தெரியாது. தெரியாத அளவை ஆசாரி சொல்லக் கூடாது. சொன்னேன். காப்பித் தட்டு விஷயம் என் வாய்க்கொழுப்பு. அந்த வாயை இழைப்புளி போட்டு இழைக்க வேண்டும்.

நீ வேண்டாம் என்றாலும் கை நிற்கவில்லை. வேலையைப் பற்றி எழுதுகிறேன், அதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை.

நரம்பு கொடுப்பது இறைச்சிக்கடை பிபின். முதல் நாள் மலையாளத்தில் கேட்டான், “சூப்பு வைக்கானா அண்ணாச்சி?” வில் செய்ய என்றேன். “வில்லா? ஆரை எய்யான்?” என்றான். “ஆரையும் இல்ல தம்பி. இந்தத் தடவ ஆரையும் இல்ல” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாவம், அவன் விளையாட்டுக்குத்தான் கேட்டான்.

காய்ந்த நரம்பைக் கல் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். கோபமாகத் தட்டினால் நூல் அறும், பயந்து தட்டினால் பிரியாது. கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை நாராகப் பூத்து வரும். அதை ஈரப்படுத்தித் தொடையில் வைத்து உருட்டினால் நூல். நூல் மூன்றைச் சேர்த்துப் பின்னினால் புரி. ஒரு வில்லுக்கு இருபத்திரண்டு புரி. என் தொடையில் இப்போது முடியே இல்லை, உன் அம்மா கேட்டால் வயசாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

இதில் பசை கிடையாது. கயிறு மரத்தின் மேல் சும்மா கிடக்கும். சாண் சாணாகக் குறுக்கே கட்டுப் போட்டுப் பிடித்திருக்கும். தளர்ந்தால் நடுவில் ஒரு சின்னக் கட்டைத் துண்டை நுழைத்துத் திருகி இறுக்கலாம். ஒரு புரி அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். எதுவும் உள்ளே மறையாது.

ஆனால் மழை. இடவப்பாதி மழை இந்த வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. ஈரம் பட்டால் நரம்பு தொய்ந்துவிடுகிறது. காலையில் இறுக்கினால் சாயங்காலம் துவண்டுபோன வேட்டி மாதிரி தொங்குகிறது. பனியில் பிறந்த சாமானைக் கொண்டுவந்து கரமனை ஆற்றங்கரையில் வைத்தால் அது என்ன செய்யும்? அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு அதற்குப் பக்கத்தில் வில்லைப் படுக்க வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் குறைமாசப் பிள்ளையை வைப்பார்களே, அது மாதிரி.

மரம் சடச்சிதான். போன வில்லுக்கும் அதுதான். இந்தத் தடவை கணு இல்லாத துண்டாகக் கேட்டு வாங்கினேன்.

நேற்று சுவரில் கொக்கி அடித்து, வில்லை அதில் மாட்டிக் கயிறு போட்டு இழுத்துப் பார்த்தேன். இருபது அங்குலம் வரை போனேன். அதற்கு மேல் கை வரவில்லை. உன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வில்லு இழுக்குத ஆளு எதுக்குக் கண்ண மூடிக்கிடுதீரு?” என்று கேட்டாள்.

மூடினது எனக்கே தெரியாது.

அப்பா


வித்துரா
13-6-2025

அப்பாவுக்கு,

பல்புக்குப் பக்கத்தில் வைத்தால் மட்டும் போதாது. மரம் ஒரு பக்கம் மட்டும் சூடாகிக் கோணிவிடும். மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். இதையெல்லாம் நானா சொல்ல வேண்டும்?

‘தெரியாத அளவைச் சொன்னேன்’ என்று எழுதியிருந்தீர்கள். ஆறு வருஷத்தில் நீங்கள் எனக்குக் கொடுத்த ஒரே இடம் அது. அந்த வரியை மடித்து வைத்திருக்கிறேன்.

இங்கே ஓயாத மழை. பொன்முடி பக்கம் எதுவும் தெரியவில்லை. ஹாஸ்டலில் நாற்பது பிள்ளைகள். சாயங்காலம் எல்லோருக்கும் சாயா நான்தான் ஊற்றுவேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரத்தின் அளவு தெரியாது என்று டாக்டர் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? இப்போதும் முதல் டம்ளர் வெளியேதான் விழும். பிள்ளைகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டம்ளரை என் கெட்டிலின் மூக்கில் வந்து தட்டுவார்கள். ‘டங்’ என்று கேட்டால் ஊற்றுவேன். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

போன மாதம் ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து ஒரு மூங்கில் வில் வந்தது. விளையாட்டு வில். மைதானத்தில் யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்த்தேன். குறி பார்ப்பது வலது கண்தானே. அது இருக்கிறது. அம்பு எங்கே போனது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விரல் தாடைக்கு வந்து நின்றது அப்பா. அதே இடம். ஆறு வருஷமாக அந்த இடம் என்னை விட்டுப் போகவில்லை.

ஜூலை ஆறாம் தேதி ஞாயிறு. பிள்ளைகளுக்குப் படிப்பு நேரம் பத்து முதல் பன்னிரண்டு. வில்லைக் கொண்டு வாருங்கள். பார்க்க மட்டும் இல்லை. நான் இழுப்பேன். முழு அளவுக்கு.

நீங்கள் செய்த வில்லை இன்னொரு தடவை முழுக்க இழுக்காமல் எனக்கு வீட்டுக்கு வர முடியும் என்று தோன்றவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

இதிலும் மேல் கையில் சிவப்பு நூல் சுற்றித் தாருங்கள்.

பகவதி


கரமனை
20-6-2025

மகளே பகவதி,

வருகிறேன். வில்லையும் கொண்டு வருகிறேன். ஆனால் ஒரு காரியம். அதைச் சுவரில் மாட்டி வைத்தால் போதாதா? இழுக்கத்தான் வேண்டுமா? இந்த மழையில் நரம்பை நம்ப முடியாது. வெயில் வரட்டும், தை மாதம் பார்க்கலாம். நீ கேட்க மாட்டாய், தெரியும். எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது நூறு தடவை முழு அளவுக்கு இழுத்துவிட்டேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் காதை மரத்தோடு வைத்துக் கேட்டேன். சத்தம் இல்லை. அப்புறம் இன்னும் நூறு. உன் அம்மா, “இதென்ன, மரத்துக்கிட்ட ரகசியம் கேக்குதீரா?” என்றாள்.

வர்ணம் அடிக்கவில்லை. வார்னிஷும் இல்லை. முதுகு முழுக்கத் திறந்தே இருக்கும். கையில் எடுத்ததும் நுனியிலிருந்து நுனி வரை விரலை ஓட்டிப் பார், நகம் எங்காவது மாட்டுகிறதா என்று பார். நான் கொடுத்தது என்று நம்பி வாங்காதே.

சிவப்பு நூலுக்குச் சாலைக் கடைத்தெருவில் தேடினேன். கிடைக்கவில்லை.

இன்னொன்று. வத்தல் விஷயத்தை மாமியிடம் சொல்லிவிட்டேன். ஒன்றரை மாசமாக மாமி ‘உங்க ஊர் வத்தல்’ என்று அன்பாக விசாரித்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே ஒரு சுத்தியல் விழும். செவ்வாய்க்கிழமை படியில் வைத்துச் சொன்னேன். “மாமி, அது வத்தல் இல்ல. மாட்டு நரம்பாக்கும். பயந்து பொய் சொல்லிட்டேன்.” மாமி ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு, “டப்பாவைத் தூரப் போட்டாச்சு. அன்னிக்கே சாமி மோந்து பார்த்துட்டுச் சொல்லிட்டார்” என்றாள். “அப்ப ஏன் மாமி தெனமும் கேட்டீங்க?” என்றேன்.

“நீயா சொல்லறயான்னு பாத்தேன்.”

இப்போது மாடியில் எனக்கு ஒரு மூலை தனியாக ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். காக்கை வராமல் வலையும் கட்டியாயிற்று. பேசுவது பழைய மாதிரிதான். சொன்ன அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது.

ஆறாம் தேதி காலை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

அப்பா


வித்துரா
26-6-2025

அப்பாவுக்கு,

அவ்வளவு பெரிய சாலைக் கடைத்தெருவில் சிவப்பு நூல் கிடைக்கவில்லையா? பொய் சொல்லவாவது நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். பரவாயில்லை, என்னிடம் இருக்கிறது.

குடை கொண்டு வாருங்கள். அம்மாவிடம் மீன்குழம்பு கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

பகவதி


கரமனை
8-7-2025

மகளே பகவதி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். குழம்புப் பாத்திரத்தை உன்னிடமே விட்டுவிட்டேன் என்று உன் அம்மா ஏசுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்கு நான் எழுத வேண்டியதில்லை, நீ கூட இருந்தவள். ஆனாலும் நான் நின்ற பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டே வந்தால்தான் கடைசியில் சொல்ல வேண்டியது வரும் போலிருக்கிறது. பொறுத்துக்கொள்.

தம்பானூரில் பஸ் ஏறும்போதே சிரிப்புத்தான். வில்லை மழைத்தாளில் சுற்றி, அதன் மேல் உன் பழைய போர்வையைச் சுற்றி, மடியில் கிடத்தியிருந்தேன். கண்டக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணா, இதுக்குள்ள ஆள் உண்டோ?” என்றார். “ஆளு இல்ல சாறே, வில்லாக்கும்” என்றேன். நெடுமங்காடு வரை பஸ்ஸே திரும்பித் திரும்பிப் பார்த்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. உன்னைக் கேட்டில் பார்த்ததும் அது எங்கே போனது என்று தெரியவில்லை.

மெலிந்திருக்கிறாய். ஆஸ்பத்திரியில் வைத்த கண்ணாடிக் கண் அசையாமல் ஒரு பக்கம் பார்க்க, மற்றக் கண் என்னைப் பார்த்தது. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் நீ பேசின முதல் வார்த்தை, “செருப்ப அங்க விடுங்க, உள்ள தொடச்சிருக்கு.” சந்தோஷமாக இருந்தது.

மைதானத்தில் மழை ஓய்ந்திருந்தது. வைக்கோல் அடைத்த சாக்கு ஒன்றை மரத்தில் சாத்தி வைத்திருந்தாய். படிக்க வேண்டிய நாற்பது பிள்ளைகளும் ஜன்னலில். நீ வில்லை வாங்கினதும் நான் எழுதின மாதிரியே நுனியிலிருந்து நுனி வரை விரலை ஓட்டினாய். நரம்புக் கட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினாய். நடுக் கட்டையை நீயே திருகி, காதோடு வைத்துச் சுண்டிப் பார்த்தாய். “கொள்ளாம்” என்றாய். முப்பத்தைந்து வருஷம் தச்சு வேலை செய்திருக்கிறேன், அந்தச் சொல்லுக்கு ஈடாக யாரும் எதுவும் தந்ததில்லை.

அப்புறம் பாக்கெட்டில் இருந்து அந்தச் சிவப்பு நூல் துண்டை எடுத்தாய். வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. மேல் கையில் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாய். “இப்பத்தான் நம்ம வில்லு” என்றாய். நான் குடையின் கம்பியை எண்ணிக்கொண்டு நின்றேன். எட்டு கம்பி.

நீ அம்பை வைத்து இழுத்தாய். நான் கண்ணை மூடவில்லை, நம்பு. மூட நினைத்தேன், முடியவில்லை. கை தாடைக்கு வந்தது. நின்றது. எனக்குக் கேட்டதெல்லாம் இலையில் இருந்து சொட்டும் தண்ணீர். வில்லில் சத்தமே இல்லை. அம்பு சாக்கின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு போனது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். நீ இன்னும் பதினோரு அம்பு விட்டாய். கடைசி மூன்றும் சாக்கில். ஒவ்வொரு தடவையும் உன் விரல் வந்து நின்ற இடம் ஒரே இடம். ஒரு அரிசி அகலம்கூட மாறவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைதான் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பிறகு சாயா ஊற்றினாய். என் டம்ளரை நானும் கெட்டிலின் மூக்கில் தட்டினேன். நீ சிரித்தாய். அப்போதுதான் சொன்னாய்.

“அப்பா, நான் கொஞ்ச நாளா யோசிச்சுப் பாத்தேன். அண்ணைக்கு நான் கூடுதலாத்தான் இழுத்திருப்பேன் போல. ஸ்டேட்டுன்னு ஒரு வெப்ராளம், ஒரு படபடப்பு இருந்துதுல்லா. சின்னப் பிள்ளைக்கு அளவு தெரியுமா? நீங்க சொன்னதுலயும் தப்பில்ல. இனி நாம அதப் பேச வேண்டாம், என்னா? ஓணத்துக்கு வீட்டுக்கு வாறேன்.”

பன்னிரண்டு அம்பை ஒரே இடத்தில் நிறுத்தின பிள்ளை இதைச் சொல்கிறாய். எனக்காகச் சொன்னாய் என்று தெரியும். வீட்டுக்கு வர உனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த வழியில் கிடந்த கல்லை நீயே எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டாய்.

அப்போது நான் என்ன சொன்னேன் ஞாபகம் இருக்கிறதா? “மழ வருது மக்களே, வில்ல உள்ள எடு” என்றேன். மழை வரவில்லை.

நாலு மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். நீ ஜன்னலுக்குக் கீழே நின்றாய். டிரைவர் வர நேரமானது. நீ குழம்பில் உப்பு குறைவு என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னாய், நான் சொல்கிறேன் என்றேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷம் இருந்தது. மாமி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாதிரி நீயும் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, நீ அப்படிப் பார்க்கிறவள் இல்லை. நீ நம்பிக்கொண்டு நின்றாய்.

வாயால் சொல்ல வராதது இது.

2019 நவம்பர், போட்டிக்கு முந்தின சாயங்காலம். நீ பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை. வில்லைச் சுவரில் மாட்டிக் கடைசியாக ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். இருபத்தாறாவது அங்குலத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அரிசியில் கல் கடிபட்ட மாதிரி. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. ஆசாரிக்கு அந்தச் சத்தம் தெரியும். மேல் கையில் கணு இருந்த ஓரத்தில் நகத்தால் தடவினேன். நகம் மாட்டியது.

வேறு வில் இல்லை. கோச் சாரிடம் போய்ச் சொல்லியிருந்தால் யாரிடமாவது கேட்டு வாங்கித் தந்திருப்பார். அவர் மைதானத்தில் எல்லோரிடமும் ‘இது கோலப்பன் ஆசாரி செய்த வில்’ என்று சொல்லி வைத்திருந்தார். ஒரே ஒரு நாள் அந்தப் பேர் இருக்கட்டும் என்று நினைத்தேன். மரம் ஒரு நாள் தாங்கும் என்று, அதனிடம் கேட்காமல் நானே முடிவு செய்துகொண்டேன். ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே அந்தப் பொய் வந்தது, அப்புறம் அதற்குத் துணையாக மற்றதெல்லாம் வந்தது.

நீ கூடுதலாக இழுக்கவில்லை. நீ நிற்கிற இடத்தில்தான் நின்றாய். ஓணத்துக்கு வரவேண்டுமா என்று இதைப் படித்த பிறகு முடிவு செய். அந்த நூல் துண்டைப் புது வில்லிலிருந்து அவிழ்த்துவிடு.

அது அழகுக்குச் சுற்றினதில்லை, மகளே. விரிசல் இருக்கிறது என்று தெரிந்து, அதன் மேல் சுற்றினேன்.